மண்ணைப் படித்த கொல்லன் மகன்

1819-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி. லண்டன் நகரில் கடனாளிகளை அடைத்து வைக்கும் சிறையின் கதவு திறந்தது. 50 வயது மனிதர் ஒருவர் வெளியே வந்தார். பருத்த உடம்பு. வெயிலிலும் மழையிலும் அடிபட்ட முகம். பத்து வாரத்துக்கு மேல் அவர் உள்ளே இருந்தார்.

அவருக்கு வீடு இல்லை. கடன் கொடுத்தவர்கள் வீட்டையும் சாமான்களையும் எடுத்துக்கொண்டார்கள். அன்று இரவே வடக்கே போகும் கோச்சு வண்டியில் ஏறி லண்டனை விட்டுப் போய்விட்டார்.

அவர் திருடவில்லை. சூதாடவில்லை. ஒரு நாட்டின் மண் முழுவதையும், மண்ணுக்கு அடியில் உள்ள பாறை முழுவதையும், ஒரே படத்தில் வரைந்து காட்ட ஆசைப்பட்டார். வரைந்தும் காட்டினார். அந்த ஆசையில் சம்பாதித்த பணம் கரைந்தது. வேறொரு தொழிலில் போட்ட பணமும் முழுகியது.

அவர் பெயர் வில்லியம் ஸ்மித்.

வெண்ணெய் நிறுத்த கல்

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதில் சர்ச்சில் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே 1769-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி வில்லியம் பிறந்தார். தந்தை ஜான் ஸ்மித் இரும்புக் கொல்லர். ஊராரின் கலப்பைக்குக் கொழு அடிப்பதும், குதிரைக்கு லாடம் கட்டுவதும் அவர் வேலை.

வில்லியமுக்கு 8 வயதானபோது தந்தை இறந்துவிட்டார். பிறகு பையன் பெரியப்பாவின் ஆதரவில் வளர்ந்தான். பெரியப்பா விவசாயி. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்போடு பையனின் படிப்பு முடிந்தது.

அந்த ஊர் வயல்களில் உழும்போது ஒருவகைக் கல் கிடைக்கும். வட்டமாக, உள்ளங்கை அளவில் இருக்கும். மேலே நட்சத்திரம் போல ஐந்து கோடுகள் ஓடும். எல்லாக் கற்களும் ஏறக்குறைய ஒரே எடை. பால் பண்ணைப் பெண்கள் அதைத் தராசில் எடைக்கல்லாகப் போட்டு வெண்ணெய் நிறுத்தார்கள். இன்னொரு வகைக் கல் உருண்டையாக இருக்கும். பிள்ளைகள் அதை வைத்துக் கோலி விளையாடுவார்கள்.

அவை வெறும் கற்கள் அல்ல. எப்போதோ கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள். கல்லாகிப் போய் வயலில் கிடந்தன. கடலோ பல மைலுக்கு அப்பால் இருந்தது!

வில்லியம் அந்தக் கற்களைச் சேர்த்து வைத்தான். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கல்லைப் பொறுக்குகிற பையன் உருப்படுவானா என்ற கவலை அவருக்கு. ஆனால் வயலில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டும்போதும், நிலத்தைச் சீர்ப்படுத்தும்போதும் பையன் ஆவலோடு நின்று பார்ப்பான். அது மட்டும் பெரியப்பாவுக்கு மகிழ்ச்சி. கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கக் காசு கொடுத்தார். அதைப் படித்து நிலம் அளக்கும் கணக்கைப் பையன் தானே கற்றுக்கொண்டான்.

சங்கிலி பிடித்த இளைஞன்

1787-ம் ஆண்டு எட்வர்டு வெப் என்ற சர்வேயர் சர்ச்சிலுக்கு வந்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கிராமங்களில் பொது நிலங்களைப் பங்கு பிரித்து வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் பெரிய பண்ணைகளுக்கு லாபம். பொது நிலத்தில் மாடு மேய்த்த ஏழைகளுக்கு நஷ்டம். சர்வேயர்களுக்கோ கை நிறைய வேலை! வெப் 18 வயது வில்லியமை உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார்.

சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வில்லியம் ஊர் ஊராக நடந்தார். ஊருக்கு ஊர் மண் மாறுவதைக் கண்டார்.

அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் மேடுகள். மேல் மண் மெல்லியது, பழுப்பு நிறம். அதில் ஆடுகள் மேயும். மேட்டை விட்டு இறங்கினால் நீல நிறக் களிமண். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சு வரையில் புதையும். அதில் புல் நன்றாக வளரும். இன்னும் வடக்கே வார்விக்ஷயருக்குப் போனால் நிலம் முழுவதும் செக்கச்செவேல் என்று இருக்கும். அதற்கு ஆங்கிலேயர் சிவப்பு மார்ல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மார்ல் என்றால் என்ன?

மார்ல் என்பது பொதுவாகக் களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த மண். காய்ந்தால் கட்டியாக இருக்கும். பனியும் மழையும் பட்டால் பொலபொலவென்று உதிரும்.

சில மண்ணில் சுண்ணாம்பு அதிகம். அது வெளுப்பாக இருக்கும். சிலவற்றில் களி அதிகம். சிவப்பு மார்லில் இரும்புத் துரு கலந்திருக்கிறது. நிறத்துக்கு அதுதான் காரணம். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், அந்தப் பகுதி வறண்ட பாலைவனமாக இருந்தபோது படிந்த மண் அது என்று இப்போது கண்டறிந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து விவசாயிக்கு மார்ல் ஓர் உரம். மணல் நிலத்தில் தண்ணீர் நிற்காது. எருவின் சத்தும் நிற்காது. மழை பெய்யப் பெய்ய மண் புளித்துப் போகும். அப்படிப்பட்ட நிலத்தில் பள்ளம் தோண்டி, அடியில் இருக்கும் மார்லை எடுத்து, வண்டி வண்டியாகப் பரப்புவார்கள். களி, மணலைப் பிடித்து நிறுத்தும். சுண்ணாம்பு, புளிப்பை மாற்றும். அதன் பிறகு கோதுமையும் தீவனப் பயிரும் விளையும். எரு போடாமல் மார்லை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால், சில ஆண்டுகளில் நிலம் களைத்துவிடும்.

இது பழைய பழக்கம். 1,900 ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டனில் மார்ல் போடுவதைப் பற்றி ரோமாபுரி ஆசிரியர் பிளினி எழுதியிருக்கிறார். மார்ல் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் குட்டைகள் ஆயின. நார்போக், செஷயர் மாவட்டங்களின் வயல் நடுவே இன்றும் அந்தக் குட்டைகளைப் பார்க்கலாம். கரையில் மரங்கள் நிற்கும். வாத்துகள் நீந்தும்.

எந்த ஊரில் எந்த மண் என்று விவசாயிக்குத் தெரியும். கிணறு வெட்டுகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். ஆனால் ஓர் ஊர் மண்ணுக்கும் அடுத்த ஊர் மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. அந்தக் கேள்விதான் ஸ்மித்தின் மனதைப் பிடித்துக்கொண்டது.

சுரங்கத்துக்குள் கிடைத்த விடை

1791-ல் வெப் அவரை சமர்செட் மாவட்டத்துக்கு ஒரு பண்ணையை அளக்க அனுப்பினார். ஸ்மித் நடந்தே போனார். அந்தப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றையும் அளக்கும் வேலை வந்தது.

சுரங்கத்தில் இறங்கும்போது முதலில் சிவப்பு மார்ல். அது படுக்கை விரித்தது போல ஏறக்குறைய மட்டமாகக் கிடந்தது. அதற்குக் கீழே நிலக்கரி அடுக்குகள் நன்றாகச் சாய்ந்து கிடந்தன. கரி அடுக்குகள் எந்த வரிசையில் வரும் என்பது சுரங்கத் தொழிலாளிகளுக்கு மனப்பாடம். மேலே இருக்கும் மண்ணுக்கு வரிசை உண்டா என்று ஸ்மித் கேட்டார். அதற்கு ஒழுங்கே கிடையாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஸ்மித் நம்பவில்லை.

சீக்கிரமே பரிசோதிக்க வழி கிடைத்தது. கரியைப் படகில் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டத் திட்டம் போட்டார்கள். அளக்கும் பொறுப்பு ஸ்மித்துக்கு வந்தது. அடுத்தடுத்து இருந்த இரண்டு பள்ளத்தாக்குகளில் மட்டம் பார்த்தார். இரண்டிலும் ஒரே வரிசை! நிலக்கரிக்கு மேல் சிவப்பு மார்ல். அதற்கு மேல் நீலக் களியும் கல்லும். அதற்கு மேல் மஞ்சள் சுண்ணாம்புக்கல். எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சற்றே சரிந்திருந்தன. தட்டில் சாய்த்து அடுக்கிய ரொட்டித் துண்டுகளை அவர் அதற்கு உதாரணமாகச் சொல்வார்.

அப்படியானால் மேற்கேயிருந்து கிழக்கே நடக்கிறவன், ஒவ்வொரு அடுக்கின் விளிம்பையும் மிதித்துக்கொண்டு போகிறான். அவன் காலடியில் சிவப்பு வயல், களிமண் புல்வெளி, சுண்ணாம்பு மேடு என்று மாறி மாறி வருவது தற்செயல் அல்ல. மண்ணின் நிறம், கீழே இருக்கும் அடுக்கின் அடையாளம்.

1794-ல் கால்வாய்க் கமிட்டிக்காரர்கள் இருவரோடு ஸ்மித் 900 மைல் பிரயாணம் செய்தார். மற்ற ஊர்க் கால்வாய்களைப் பார்ப்பதற்காகப் போன பயணம் அது. ஸ்மித்தின் கண் மண்ணின் மேல். யார்க் நகரத்து மாதா கோயில் கோபுரத்தில் ஏறித் தூரத்துக் குன்றுகளைப் பார்த்தார். அவற்றின் வளைவைக் கண்டதுமே அவை வெண்சுண்ணக் குன்றுகள் என்று கண்டுகொண்டார்.

ஒரு சந்தேகம் பாக்கி. ஒரு களிமண்ணும் இன்னொரு களிமண்ணும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கின்றனவே! எது எந்த அடுக்கு?

சிறு வயதில் பொறுக்கிய கற்கள் இப்போது உதவிக்கு வந்தன. கால்வாய் வெட்டும்போது கல்லான சிப்பிகளும் நத்தைகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய சில வகைகள் இருந்தன. மேல் அடுக்கில் இருப்பது கீழ் அடுக்கில் இல்லை. 1796 ஜனவரியில் டங்கர்ட்டன் என்ற ஊரின் சத்திரத்தில் தங்கியிருந்தபோது இதை ஸ்மித் ஒரு தாளில் குறித்து வைத்தார்.

பாத் நகரத்தில் ரிச்சர்ட்சன் என்ற பாதிரியார் இருந்தார். இப்படிப்பட்ட கற்களை அவர் நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஸ்மித் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது எந்த அடுக்கில் கிடைத்தது என்று சொல்லி வரிசையாக வைத்தார். பாதிரியார் அசந்து போனார். 1799-ல் இன்னொரு பாதிரியாரான டவுன்செண்டு வீட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஸ்மித் சொல்லச் சொல்ல, வெண்சுண்ணத்திலிருந்து நிலக்கரி வரை 23 அடுக்குகளின் பட்டியலை எழுதினார்கள். பட்டியலைப் பலர் பிரதி எடுத்தார்கள். ஸ்மித் காசு கேட்கவில்லை.

அதே ஆண்டில் கால்வாய்க் கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டது.

அடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர்களைச் சொல்ல வேண்டும். படித்தவர்கள் லத்தீனில் பெயர் வைப்பார்கள். ஸ்மித் உழவனும் கல் உடைப்பவனும் பேசிய சொற்களையே எடுத்துக்கொண்டார். வில்ட்ஷயர் விவசாயிகள் தானியம் நன்றாக விளையும் ஒரு சரளை நிலத்தைக் கார்ன்பிராஷ் என்பார்கள். அதையே அடியில் உள்ள பாறைக்கும் பெயராக வைத்தார். அது இன்றும் சாஸ்திரப் புத்தகங்களில் இருக்கிறது.

தண்ணீர் வைத்தியர்

வேலை போனதும் ஸ்மித் நிலத்துக்கு வைத்தியம் செய்யும் தொழிலில் இறங்கினார். சதுப்பு நிலத்தை வடித்துக் கொடுப்பார். காய்ந்த நிலத்துக்குத் தண்ணீர் காட்டுவார்.

பெட்போர்டு கோமகனுக்கு பிரிஸ்லி என்ற இடத்தில் ஒரு சதுப்பு இருந்தது. மற்றவர்கள் சதுப்பின் நடுவில் வாய்க்கால் வெட்டுவார்கள். ஸ்மித் மேட்டுப் பக்கம் போனார். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கும். கீழே களி தட்டியதும், போக வழியின்றி ஓரத்தில் ஊற்றாக வெளியே வரும். மணலும் களியும் சேரும் அந்த விளிம்பிலேயே தண்ணீரை மடக்கினார். சதுப்பு காய்ந்தது. மடக்கிய தண்ணீர் புல்வெளிக்குப் பாய்ந்தது. இதற்காக 1805-ல் கலைச் சங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

நார்போக்கில் ஹோல்காம் பண்ணையின் முதலாளி தாமஸ் கோக்கும் அவரை அழைத்தார். மணல் காட்டை மார்ல் போட்டுக் கழனியாக்கியவர் என்று கோக்குக்கு நாடெங்கும் புகழ். அந்தப் புகழில் கொஞ்சம் மிகை உண்டு. அங்கே மார்ல் போடும் வழக்கம் அவர் காலத்துக்கு முன்பே இருந்தது. ஆனாலும் ஆண்டுதோறும் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் நாளில் நூற்றுக்கணக்கான விவசாயிகளை அழைத்துப் பண்ணையைச் சுற்றிக் காட்டியவர் அவர்தான். இத்தகைய கூட்டங்களில் ஸ்மித் தம் அரைகுறைப் படத்தை விரித்துக் காட்டுவார். பார்த்தவர்கள் பாராட்டுவார்கள். பணம் கொடுத்தவர்கள் சிலரே. ஜோசப் பேங்க்ஸ் என்ற விஞ்ஞானி 50 பவுன் கொடுத்தார்.

அவருடைய அறிவால் மிச்சமான பணத்துக்கு அளவில்லை. கறுப்புக் களிமண்ணைக் கண்டால் அடியில் கரி இருக்கும் என்று நம்பித் தோண்டியவர்கள் அப்போது பலர். சிவப்பு மார்லுக்கும் மேலே வெகு உயரத்தில் இருக்கும் களி அது, அங்கே கரியைத் தேடுவது வீண் என்று ஸ்மித் சொல்லுவார். கேட்டவர்கள் பிழைத்தார்கள். கேட்காதவர்கள் குழியில் பணத்தைக் கொட்டினார்கள்.

எட்டடிப் படம்

வேலைக்காக ஓர் ஆண்டில் 10,000 மைல் வரையில் கூடப் பயணம் செய்ததாக ஸ்மித் கணக்குச் சொல்வார். கூலியில் மிஞ்சியதைப் படத்துக்கே செலவழித்தார். சமர்செட் மாவட்ட விவசாய அறிக்கையில், மண் வகைகளுக்கு வண்ணம் தீட்டிய ஒரு சின்னப் படத்தை முன்பு பார்த்திருந்தார். மண்ணுக்குச் செய்ததைப் பாறைக்கும் செய்யலாமே என்று அப்போது தோன்றிய யோசனை அது.

1815 ஆகஸ்டில் படம் வெளியாயிற்று. எட்டடிக்கு மேல் உயரம். ஆறடி அகலம். ஐந்து மைலுக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. இங்கிலாந்தும் வேல்ஸும் ஸ்காத்லாந்தின் ஒரு பகுதியும் அதில் இருந்தன. வெண்சுண்ணத்துக்குப் பச்சை. மார்லுக்குச் சிவப்பு. கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். அடுக்கின் அடி விளிம்பில் நிறம் அழுத்தமாகவும், போகப் போக வெளிறியும் இருக்கும். அதனால் எது எதற்கு மேல் கிடக்கிறது என்று பார்த்ததுமே தெரியும். ஒரு நாடு முழுவதற்கும் இப்படி ஒரு படத்தை அதற்கு முன் தனி ஒரு மனிதர் செய்ததில்லை. கலைச் சங்கம் 50 கினி பரிசு கொடுத்தது.

விலை ஐந்து கினி. சுமார் 400 பிரதிகள்தான் அச்சாயின.

லண்டனில் 1807-லேயே பூகர்ப்ப சங்கம் என்று ஒன்று ஏற்பட்டிருந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். சங்கத் தலைவர் கிரீனோ ஒரு நாள் ஸ்மித் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். சங்கத்தில் சேரும்படி அழைக்கவில்லை. சங்கமே ஒரு படம் தயாரிக்க ஆரம்பித்தது. 1820-ல் அது வெளிவந்தது. ஸ்மித்தின் உழைப்பு அதில் கலந்திருந்தது.

ஸ்மித்தைச் சிறைக்கு அனுப்பியது அந்தப் படம் என்று சொல்வது உண்டு. அது சரியல்ல. படம் வந்தது 1820-ல். சிறை அதற்கு முந்திய ஆண்டிலேயே. கடனுக்கு முக்கிய காரணம் பாத் நகரத்துக்குப் பக்கத்தில் அவர் தொடங்கிய கல் வியாபாரம். கடன் வாங்கி நிலம் வாங்கினார். கல் வெட்டினார். தண்டவாளமும் போட்டார். வெட்டிய கல் நல்ல தரமாக இல்லை! நாட்டில் உள்ள கல்லையெல்லாம் அறிந்தவர் சொந்தக் கல்லில் ஏமாந்து போனார். அருமையாகச் சேர்த்த சிப்பிக் கற்களைக் கூட அரசாங்கத்தின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றார். கிடைத்தது மொத்தம் சுமார் 700 பவுன். கடன் அடையவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி மேரி ஆனுக்கு மனநோய். தங்கை மகன் ஜான் பிலிப்ஸ் தாய் தந்தை இல்லாத பையன். அவனையும் ஸ்மித்தான் வளர்த்தார்.

வடக்கே கிடைத்த வாழ்வு

சிறையிலிருந்து வந்த பின் பல ஆண்டுகள் யார்க்ஷயர் பக்கத்தில் மாமனும் மருமகனும் அலைந்தார்கள். கிடைத்த அளவை வேலையைச் செய்தார்கள். பெரும்பாலும் நடைதான். 1824-ல் யார்க் நகரத்தில் பாடம் சொல்ல ஸ்மித்தை அழைத்தார்கள். கொல்லன் மகன் பேச, கனவான்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் ஒரு காட்சி சாலை கட்டினார்கள். 1829-ல் திறந்தார்கள். ஸ்மித்தின் யோசனைப்படி வட்டமாகக் கட்டிய கட்டடம் அது. அடித்தட்டில் மிகப் பழைய அடுக்கின் கற்கள், மேலே போகப் போகப் புதிய அடுக்கின் கற்கள் என்று பூமியில் இருக்கிற வரிசையிலேயே சுவரைச் சுற்றி வைத்தார்கள். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அருகில் ஹாக்னஸ் பண்ணையின் சொந்தக்காரர் ஜான் ஜான்ஸ்டன், ஸ்மித்தைத் தம் நில மானேஜராக வைத்துக்கொண்டார். ஆறு ஆண்டுகள் நிம்மதியாகப் போயின.

பூகர்ப்ப சங்கத்திலும் ஆட்கள் மாறினார்கள். 1831-ல் சங்கம் புதிதாக ஏற்படுத்திய உல்லஸ்டன் பதக்கத்தை முதல் முதலாக ஸ்மித்துக்கு அளித்தது. அப்போதைய தலைவர் ஆடம் செட்ஜ்விக், இங்கிலாந்து பூகர்ப்ப சாஸ்திரத்தின் தந்தை என்று அவரைப் புகழ்ந்தார். மறு ஆண்டில் அரசாங்கம் வருஷம் 100 பவுன் பென்ஷன் கொடுத்தது. 1835-ல் டப்ளின் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது.

1839 ஆகஸ்டில் விஞ்ஞானிகள் கூட்டத்துக்காக பர்மிங்காமுக்குப் புறப்பட்டார். வழியில் நார்தாம்டனில் நண்பர் வீட்டில் தங்கினார். சளி பிடித்தது. 28-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 70. அந்த ஊர் பீட்டர் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

மருமகன் ஜான் பிலிப்ஸ் பின்னாளில் ஆக்ஸ்போர்டில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியர் ஆனார். மாமனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். சங்கத்தின் படம் 1865-ல் மறுபடி வெளிவந்தபோது, அது ஸ்மித்தின் படத்தை ஆதாரமாகக் கொண்டது என்று அதில் ஒப்புக்கொண்டு அச்சிட்டார்கள்.

லண்டனில் அந்தச் சங்கத்தின் மாளிகைச் சுவரில் ஸ்மித்தின் படமும் கிரீனோவின் படமும் மாட்டியிருக்கின்றன. வெளிச்சம் பட்டு நிறம் மங்காமல் இருக்கத் திரை போட்டிருக்கிறார்கள். திரையை விலக்கினால் செஷயரும் வார்விக்ஷயரும் மார்லின் சிவப்பில் தெரியும்.